பட்டறை கேள்வி பதில்: மழையே படல, லேத் எப்படி துருப்பிடிக்குது?

கேள்வி: சார், தூத்துக்குடில சின்னதா லேத் பட்டறை வச்சிருக்கேன். ஐப்பசி பொறந்தாலே வயித்துல புளியக் கரைக்குது. சாயங்காலம் லேத்தோட பெட்ட, அதான் மத்த பாகமெல்லாம் மேல நகருற அடிப்பாகத்த, நல்லா தொடைச்சு டபிள்யூடி-40 ஸ்பிரே அடிச்சு தார்ப்பாய் போட்டு தரை வரைக்கும் மூடிட்டுத்தான் பூட்டுறேன், காலைல தொறந்தா செம்மண் தூவுன மாதிரி துரு. ஒரு சொட்டு மழை உள்ள வரல. என்னதான் பண்றது?

பதில்: மொதல்ல அந்த தார்ப்பாய எடுங்க சார். தரை வரைக்கும் மூடினா சிமெண்ட் தரைலேர்ந்து வர்ற ஈரம் வெளிய போக வழியில்லாம உள்ளயே சுத்தி, விடியக்காலைல குளுந்து கெடக்குற இரும்பு மேல தண்ணியா படியுது, நீங்களே பொத்திப் பொத்தி துருவ வளக்குறீங்க. தார்ப்பாய் இல்லாட்டியும் ஷட்டர் தூக்கினதும் இதே கததான், வெளிக்காத்து சடார்னு உள்ள வரும், அவ்ளோ கனமான வார்ப்பிரும்பு அந்த வேகத்துல சூடாகாதுல்ல, அதுமேல பனி பூத்துரும். காத்துல ஈரம் 60 சதவீதத்த தாண்டினாலே இரும்புக்கு ஆபத்து, உங்க ஊர் மாதிரி உப்பு படியுற எடத்துல அதுக்குக் கீழயே வேலைய ஆரம்பிச்சுரும்.

டபிள்யூடி-40 மேல தப்பில்ல. அது 1953ல தண்ணிய வெரட்டுறதுக்குன்னே செஞ்சது, ஆனா படலம் ரொம்ப மெல்லிசு, கடலோர மழைக்காலத்துக்குத் தாங்காது. 68 கிரேடு ஸ்லைடுவே ஆயில், அதான் மெஷின் பாகம் வழுக்கி நகருற எடத்துக்குப் போடுற ஆயில், வாங்கி பனியன் வேஸ்ட்ல தொட்டுப் பூசுங்க. அதுக்கு முன்னாடி பெட்டுல ஒரு பொடி கூட இருக்கக்கூடாது, முக்கியமா வார்ப்பிரும்பு கடைஞ்ச அன்னிக்கு, அந்தத் தூள் ஆயில உறிஞ்சிக்கிட்டு ஈரத்தப் புடிச்சு வச்சு சரியா அந்த எடத்துலயே புள்ளி புள்ளியா துரு வைக்கும். கடையும்போது சூடு தணிக்க ஊத்துற கூலண்ட் தெறிச்ச எடமும் அப்படித்தான், கடையுற பொருளப் புடிச்சு சுத்துற சக்குக்குப் பின்னாடி யாரும் தொடைக்கிறதில்ல. மேல போத்த காட்டன் பெட்ஷீட் போதும். பெட்டுக்குக் கீழ ராத்திரி ஒரு 60 வாட்ஸ் குண்டு பல்பு எரிய விட்டா இரும்பு காத்த விட ரெண்டு டிகிரி சூடா இருக்கும், பனி படியாது. எல்இடி போடாதீங்க, சூடே வராது. பெட்ஷீட், ஆயில் துணி எதுவும் பல்புகிட்ட போகக்கூடாது, தீப்புடிச்சா துருவே தேவலாம்னு ஆயிரும். தீபாவளிக்கு நாலு நாள் பூட்டுறதா இருந்தா கிரீஸே தடவிடுங்க.

ஏற்கனவே வந்த துருவுக்கு மண்ணெண்ணெய் ஊத்தி ஊற விட்டு ஸ்காட்ச் பிரைட்டால மெதுவா தேய்ங்க. பெட்டு மேல உப்புத்தாள் வேணவே வேணாம், அளவு போயிரும்.

கேள்வி: கடலூர்லேர்ந்து எழுதுறேன். வெர்னியர், மைக்ரோமீட்டர்னு அளவெடுக்குற டூல்ஸ் எல்லாம் டூல் பாக்ஸ்ல மூடி வச்சும் துருப்பிடிக்குது. பாக்ஸ் இருக்குற ஷெல்ஃப்ல துரு எடுக்குற ஆசிட் பாட்டிலத் தவிர வேற ஒண்ணும் இல்ல. சூடம் போட்டு வைக்கலாமா, ஈரத்த உறிஞ்சுற சிலிக்கா ஜெல்லா?

பதில்: சூடம் பழைய ஆளுங்க பழக்கம், போடலாம். சிலிக்கா ஜெல் நீலம் போயி ரோஸ் ஆனதும் திரும்ப சூடு பண்ணி காய வைக்கணும், சமையல் சட்டில மட்டும் வேணாம், அந்த நெறத்துக்குப் போடுற கோபால்ட் விஷம். ஆனா உங்க வில்லன் அந்த பாட்டில்தான். மூடி எவ்ளோ இறுக்கினாலும் ஆசிட் புகை கசியும், பக்கத்துல இருக்குற இரும்பையெல்லாம் தின்னுரும். இன்னிக்கே பட்டறைக்கு வெளிய கொண்டு போயிருங்க, டூல்ஸ ஒவ்வொண்ணா தொடைச்சு ஆயில் போடுங்க, ஜெல்லு அப்புறம் வாங்கிக்கலாம்.