பொங்கலுக்குப் போகாத பிள்ளைக்கு

கேள்வி: ரீச்சர், நான் பயோ படித்தேன். உயர்தரம் இரண்டாவது ஷையும் (தடவையும்) எழுதிவிட்டேன். உயிரியல் சி (திறமைச் சித்தி), இரசாயனவியல் சி, பௌதிகவியல் எஸ் (சாதாரண சித்தி). இசட் புள்ளி 0.71. முதல் ஷையில் மூன்றும் எஸ். இந்த முறை அண்ணா கட்டாரிலிருந்து காசு அனுப்பி, யாழ்ப்பாணத்தில் சித்தி வீட்டில் நின்று ரியூசன் போனேன். மெடிசின் கிடைக்காது என்று தெரிகிறது. "பின்தங்கிய மாவட்டக் கோட்டா இருந்துமா எடுக்கேலாமல் போச்சு?" என்று மாமா கேட்டார். சனம் கேட்கும் என்று வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கும் போகவில்லை. இரவில் நித்திரை இல்லை. அம்மா மூன்றாவது ஷை எழுதச் சொல்கிறா. எழுதட்டுமா?
- ஒரு மாணவி, முள்ளியவளை, முல்லைத்தீவு

அன்புள்ள பிள்ளைக்கு,

முள்ளியவளையில் இருந்துகொண்டு வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகாமல் விடுவது என்றால் மனம் எவ்வளவு நொந்திருக்க வேண்டும் என்று எனக்கு விளங்குகிறது. காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரியும்போது ஊரே நிற்க, நீங்கள் மட்டும் அறைக்குள் இருந்திருக்கிறீர்கள். அதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடிதத்தைக் கையிலேயே வைத்திருந்தேன்.

முதலில் மாமாவின் கேள்வி. உங்களுக்குப் பெறுபேற்றைவிட அதுதான் கூட நோகிறது என்று நினைக்கிறேன். மாவட்டக் கோட்டா என்பது நம் பிள்ளைகளுக்குச் சும்மா அள்ளிக் கொடுக்கும் சலுகை இல்லை. மருத்துவம் போன்ற துறைகளில் 40 வீத இடங்கள் முழு நாட்டுக்கும் பொதுவான திறமை வரிசையில் போகின்றன. 55 வீதம் அந்தந்த மாவட்டத்தின் சனத்தொகைக்கு ஏற்பப் பிரிக்கப்படுகிறது. மிச்சம் 5 வீதம்தான் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. அதையும் 16 மாவட்டங்கள் பங்குபோட வேண்டும். முல்லைத்தீவில் 2012 குடிசன மதிப்பீட்டின்போது ஒரு இலட்சம் பேர்கூட இருக்கவில்லை, அப்போது நாட்டிலேயே ஆகக் குறைவு. சனத்தொகைப்படி பிரித்தால் நமக்கு வரும் மருத்துவ இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒரு வருடம் நன்றாகப் படித்த நாலைந்து பிள்ளைகள் கூடுதலாக எழுதினாலே வெட்டுப்புள்ளி (இடம் கிடைக்கத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளி) ஏறிவிடும். மாமா கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்கமாட்டார். இந்தக் கணக்கை அவருக்கு ஒருதரம் சொல்லிக் காட்டுங்கள்.

0.71 என்பதையும் வடிவாகப் பாருங்கள். ஒவ்வொரு பாடத்திலும் உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடம் எழுதிய எல்லோருடைய சராசரியையும் கழித்து, நியம விலகலால் பிரிப்பார்கள். மூன்று பாடத்துக்கும் வருவதன் சராசரிதான் இசட் புள்ளி. சராசரிப் பிள்ளைக்குப் பூச்சியம் வரும். எஸ் எடுத்த பௌதிகவியலையும் சேர்த்து உங்களுக்கு 0.71 வந்திருக்கிறது. அதாவது கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் எல்லாம் சேர்த்த சராசரிக்கு மேலே நிற்கிறீர்கள். மூன்று 'எஸ்'ஸிலிருந்து ஒரு வருடத்தில் இரண்டு 'சி'க்கு வந்தது சின்ன விடயம் இல்லை. இரசாயனவியல் படிப்பித்த ஆள் நான், அதில் 'எஸ்'ஸுக்கும் 'சி'க்கும் இடையில் எத்தனை இரவு விழித்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அண்ணாவின் காசு வீணாகவில்லை.

ஆனால் கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். உங்கள் மாவட்ட நிலை என்ன? பெறுபேற்றுத் தாளில் இசட் புள்ளியோடு அதுவும் இருக்கிறது. உங்களுக்கு எது கிடைக்கும் என்பதைச் சொல்வது அதுதான். அதை எடுத்து வைத்துக்கொண்டு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் முந்தைய வருடங்களின் வெட்டுப்புள்ளியை முல்லைத்தீவு நிரலில் பாருங்கள். ஒரு வருடம் போதாது, மூன்று வருடம் பாருங்கள்.

இனி மூன்றாவது ஷை. பல வருடத்துக்கு முன் என்னிடம் படித்த ஒரு பையன் இரண்டாவது ஷைக்குப் பிறகு, "எப்படியும் திரும்ப எழுதப்போறன்தானே" என்று கம்பஸ் விண்ணப்பத்தையே நிரப்பவில்லை. அதே ரியூசன், அதே கொப்பி, அதே கதிரை. மூன்றாவது ஷையில் புள்ளி இறங்கிவிட்டது. இரண்டாவது ஷைக்குக் கிடைத்திருக்கக்கூடிய விவசாயமும் போய்விட்டது. அந்த விண்ணப்பத்தை இழுத்துப்பிடித்து நிரப்ப வைக்காமல் விட்டேனே என்ற கவலை எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால் உங்களிடம் கண்டிப்பாகவே சொல்கிறேன்: எழுதுகிறீர்களோ இல்லையோ, விண்ணப்பத்தை நிரப்புங்கள். விண்ணப்பிப்பது வேறு, கிடைத்த இடத்தில் பதிவு செய்வது வேறு. பதிவு செய்தபின் அடுத்த பெறுபேற்றோடு திரும்ப விண்ணப்பிப்பதற்கு விதிகள் உண்டு. ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலில் அந்தப் பக்கத்தை வாசிக்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.

தெரிவுகளை எழுதும்போது "இது எனக்கு எட்டுமா" என்று பயந்து ஒழுங்கை மாற்றாதீர்கள். மேலிருந்து கீழே பார்த்து, உங்கள் புள்ளிக்கு எட்டுகிற முதல் தெரிவைத்தான் தருவார்கள். மருத்துவத்தை முதலில் எழுதியதால் கீழே உள்ளது கெட்டுப்போகாது. அதன் கீழே தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், சித்த மருத்துவம் எல்லாம் யாழ்ப்பாணத்தில் இருக்கின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடம் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது, அங்கே சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கலாம். நோயாளிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், சுகாதார அமைச்சு தாதியர் பயிற்சிக்கு வர்த்தமானியில் தனியாக விண்ணப்பம் கோரும். அதையும் கவனித்துக்கொண்டிருங்கள்.

சரி, எழுதுவதா விடுவதா? அம்மாவும் சொல்ல வேண்டாம், நானும் சொல்லவில்லை. உங்கள் பௌதிகவியல் வினாத்தாள் சொல்லட்டும். நீங்கள் எழுதிய அதே தாளை எடுத்து, மணிக்கூட்டைப் பார்க்காமல் ஆறுதலாகச் செய்யுங்கள். நேரம் இருந்தால் சரியாக வருகிறது என்றால் உங்களுக்குக் குறை வேகம்தான். இரண்டு மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினா என்ற பழக்கம் ஆறு மாதத்தில் வரும். அப்படியென்றால் மூன்றாவது ஷைக்கு நான் ஓம் சொல்வேன். நேரம் இருந்தும் பொறியியல் (விசை, இயக்கம்) அலகிலும் மின் அலகிலும் கை நின்றுவிடுகிறது என்றால் அது அடித்தளக் குறை. புதிதாக அடியிலிருந்து சொல்லித்தரும் ஒரு ஆசிரியர் கிடைக்காமல், அதே வகுப்பில் போய் இன்னொரு வருடம் இருக்க வேண்டாம். பல்கலைக்கழகத்துக்கு மூன்று தடவைதான் கணக்கு என்பதும் நினைவிருக்கட்டும்.

சித்தி வீட்டுக்குத் திரும்பப் போவதா என்பதை அண்ணாவிடம் நேரே கேளுங்கள். காசைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று நீங்களாகக் கற்பனை செய்துகொண்டிருக்கிறீர்கள் போலத் தெரிகிறது.

அப்புறம் அந்த நித்திரை. இன்றிரவே அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்து, நித்திரை வருவதில்லை என்பதை அவவிடம் சொல்லுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் இப்படியே போனாலோ, இருந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒருதரம் வந்தாலோ, ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு வைத்தியரைப் பாருங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்களே நாளைக்கு ஒரு நோயாளிக்கு இதைத்தான் சொல்வீர்கள்.

மாவட்ட நிலையையும், அந்த பௌதிகவியல் தாளில் எந்த அலகில் கை நின்றது என்பதையும் எழுதி அனுப்புங்கள். பார்த்துவிட்டுத் தெரிவு ஒழுங்கைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

அன்புடன்,
ரீச்சர்