அமெரிக்க இலக்கிய வகுப்பு: வாசகர் கேள்விகளும் எங்கள் பதில்களும்

வன்னியிலிருந்து வந்த நான்கு கடிதங்கள் ஒரே விடயத்தைக் கேட்பதால் சேர்த்தே பதில் தருகிறோம்.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றைப் பார்த்திருக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் அமெரிக்க இலக்கியம் படிப்பிக்க நினைக்கிறேன். உயர்தரத்தில் ஆங்கிலம் எடுக்க விரும்புகிறவர்கள். முதல் நாளே என்னென்ன விதிகளைச் சொல்ல வேண்டும்?
– ஆசிரியை, மாங்குளம்

விதிகளை ஒரு பக்கத்துக்குள் எழுதி, முதல் வகுப்பிலேயே கையில் கொடுங்கள் ரீச்சர். பிள்ளையும் பெற்றாரும் கையொப்பம் வைத்துத் திருப்பித் தரட்டும்.

முதல் விதி, வாசித்துவிட்டு வருவது. வாசிக்காமல் வந்தவருக்காக நீங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினால், அடுத்த கிழமை ஒருவரும் வாசித்து வர மாட்டார்கள். அப்படி வந்த பிள்ளையைப் பின் வாங்கில் இருத்திப் பத்து நிமிடம் வாசிக்க விடுங்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஏச வேண்டாம். வாசிப்பின் அளவும் நியாயமாக இருக்க வேண்டும். நாவலில் தொடங்கினால் மூன்றாம் கிழமையே பாதிப்பேர் நின்றுவிடுவார்கள். லிங்கன் 1863-இல் கெற்றிஸ்பேர்க்கில் ஆற்றிய உரை 270 சொற்கள் அளவுதான், அதில் தொடங்குங்கள். பிறகு எட்கர் அலன் போவின் ஒரு சிறுகதை, அடிமையாகப் பிறந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸ் 1845-இல் வெளியிட்ட தன்வரலாற்றின் முதல் அத்தியாயம், எமிலி டிக்கின்சனின் நாலைந்து கவிதைகள். மார்க் ருவெயினின் ஹக்கிள்பெரி ஃபின் நாவலுக்கு அதற்குப் பிறகு போகலாம்; அதுவும் தெரிந்தெடுத்த அத்தியாயங்கள் மட்டும். டிக்கின்சனில் ஒரு கவனம்: இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் 1890-களில் பதிப்பாசிரியர்கள் தலைப்புப் போட்டு, வரிகளின் நடுவே அவர் இடும் சிறு கோடுகளை (dash) மாற்றிய வடிவம். கோடுகளைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்றால் 1955-க்குப் பிந்திய பதிப்பு வேண்டும்.

இரண்டாவது, கொப்பி. பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்பக்கம் மூலத்தில் உள்ள வரி, பக்க எண்ணோடு. வலப்பக்கம் அந்த வரியைப் பற்றிப் பிள்ளையின் சொந்த எண்ணம். ஒரு பாடத்துக்கு மூன்று வரி போதும். வலப்பக்கம் கதைச்சுருக்கமாக மாறிவிடுவதுதான் எல்லா இடத்திலும் நடக்கும் பிழை. 'என்ன நடந்தது' என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். 'ஏன் இந்தச் சொல்லைப் போட்டார்' என்ற கேள்விக்குப் பதில் வரும்வரை விட வேண்டாம்.

மூன்றாவது, பிந்திய ஒப்படை. மாரியில் குளம் வான் பாய்ந்து பாதை மூடினால் பஸ் வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தவணைக்கு இரண்டு தடவை, காரணம் கேட்காமல் ஒரு கிழமை அவகாசம் கொடுங்கள். அதற்குமேல் பிந்தினால் நாளுக்குப் பத்துக்கு ஒரு புள்ளி குறையட்டும். காரணம் கேட்காமல் என்பதை அழுத்தியே சொல்கிறோம். வகுப்பின் நடுவே சொல்ல முடியாத காரணங்கள் இங்கே பல வீடுகளில் உண்டு.

இதோடு சேர்ந்ததுதான் எல்லாவற்றிலும் முக்கியமான விதி. 'உன் வாழ்க்கையில் இப்படி நடந்திருக்கிறதா?' என்று கேட்பது அமெரிக்க வகுப்புகளில் சாதாரணம். வன்னியில் அந்தக் கேள்வியை எவரிடமும் நேரே கேட்கக் கூடாது. கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயிடமிருந்து தான் பிரிக்கப்பட்டதை டக்ளஸ் முதல் அத்தியாயத்திலேயே எழுதுகிறார். கேற் சோப்பின் என்ற எழுத்தாளர் 1894-இல் எழுதிய புகழ்பெற்ற 'ஒரு மணிநேரத்தின் கதை', கணவர் இறந்தார் என்ற செய்தியோடு தொடங்குகிறது. முடிவில் அவர் உயிரோடு வாசலில் வந்து நிற்கிறார். ஆயிரம் சொல் அளவு என்பதால் அதைத்தான் பலர் முதல் பாடமாக எடுப்பார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடிக்கொண்டிருக்கும் வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கக்கூடும். கதை எதைப் பற்றியது என்பதை முந்திய கிழமையே சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்கிற பிள்ளைக்கு வேறு கதை கொடுங்கள். புள்ளியில் வித்தியாசம் காட்ட வேண்டாம். தானாகப் பேச வரும் பிள்ளையைத் தடுக்கவும் வேண்டாம்.

ருவெயினின் நாவலுக்குத் தனி விதி தேவை. 1885-இல் அமெரிக்காவில் வெளிவந்த அந்த நூலில் கறுப்பின மக்களை இழிக்கும் ஒரு சொல் 200 தடவைக்கு மேல் வருகிறது. தாளில் அழிக்க வேண்டாம். வாய்விட்டு வாசிக்கவும் வேண்டாம். நீங்கள் உட்பட எல்லாரும் அந்த இடத்தில் சிறிது நிறுத்தி அப்பால் போங்கள். ஏன் என்று விளக்க அதிக நேரம் எடுக்காது: சாதிப் பெயரால் ஏசுவது என்னவென்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும். கதையைச் சொல்கிற சிறுவன் அடிமை முறையைச் சரியென்று சொல்லி வளர்க்கப்பட்டவன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தப்பியோடும் அடிமையான ஜிம்மைக் காட்டிக்கொடுக்காததைத் தன் பாவம் என்றே அவன் நம்புகிறான். இது பிடிபடாவிட்டால் ருவெயின் தாக்குவதை ருவெயினின் கருத்தாகவே பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

புள்ளி: கொப்பிக்கு 30, கலந்துரையாடலுக்கு 20, இரண்டு சிறு கட்டுரைகளுக்கு 30, வகுப்பில் இருந்து எழுதும் கடைசிக் கட்டுரைக்கு 20. பேசக் கூச்சப்படும் பிள்ளை கேள்வியைத் துண்டில் எழுதித் தந்தாலும் கலந்துரையாடலில் சேருங்கள்.

மகன் அமெரிக்காவில் சித்தப்பா வீட்டில் நின்று 11-ஆம் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். இலக்கிய வகுப்பு விதித்தாளைப் படமெடுத்து அனுப்பினான். நாங்கள் எதைக் கவனிக்கச் சொல்ல வேண்டும்?
– தந்தை, மல்லாவி

அமெரிக்க இலக்கியம் அங்கே வழக்கமாக அந்த வகுப்பில்தான் வரும். இங்கே 75 எடுத்தால் ஏ. அங்கே பெரும்பாலான பள்ளிகளில் 90 வேண்டும். 72 என்பது சீ. அதைவிட முக்கியம், வருட முடிவில் ஒரு பெரிய பரீட்சை வந்து எல்லாவற்றையும் தீர்க்காது. கிழமைக்குக் கிழமை சேரும் புள்ளிதான் முடிவு. நான்கு ஒப்படைகளில் மூன்றுக்கு 90 எடுத்து ஒன்றைக் கொடுக்காமல் விட்டால் சராசரி 67.5. ஆகவே அரைகுறையாக எழுதியதையும் கொடுக்கச் சொல்லுங்கள். பிந்தினால் எவ்வளவு குறையும் என்பது ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும்; தாளில் அந்தப் பகுதியை இரண்டு தடவை வாசிக்கட்டும்.

பெரியவர்கள் முன் அமைதியாக இருப்பது இங்கே மரியாதை. அங்கே பேசாத பிள்ளை வாசிக்காத பிள்ளையாகவே எண்ணப்படுவார். ஒரு வகுப்பில் ஒரு தடவையாவது வாய் திறக்க வேண்டும். முந்திய இரவே ஒரு கேள்வியை எழுதி வைத்தால் சுலபம். ஆசிரியரை 'ரீச்சர்', 'சேர்' என்று கூப்பிடுவதில்லை. மிஸ்டர் அல்லது மிஸ் என்று குடும்பப் பெயரோடு அழைப்பார்கள்.

கட்டுரைக்கு எம்எல்ஏ (நவீன மொழிச் சங்கம் வகுத்த கட்டுரை வடிவம்) என்ற முறையைக் கேட்டிருந்தால்: எழுத்தளவு 12, இரட்டை வரி இடைவெளி, நாலா பக்கமும் ஒரு அங்குலம். வலது மேல் மூலையில் குடும்பப் பெயரும் பக்க எண்ணும். நம் பிள்ளைகள் இதில் தடுமாறுவார்கள். பள்ளிப் பதிவில் குடும்பப் பெயராக எது இருக்கிறதோ அதையே எல்லாத் தாளிலும் போடட்டும். மேற்கோளின் பின் அடைப்புக்குறிக்குள் நூலாசிரியரின் குடும்பப் பெயர், பக்க எண். இரண்டுக்கும் இடையில் காற்புள்ளி வராது.

ரியூசன் குறிப்பைப் பாடமாக்கி எழுதினால் புள்ளி குறையுமா? செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்கலாமா?
– மாணவி, புதுக்குடியிருப்பு

குறிப்பு உதவும், தங்கச்சி. ஆனால் அதே வசனம் பத்துத் தாளில் வந்தால் திருத்துபவர் உடனே கண்டுபிடிப்பார். குறிப்பில் உள்ள ஒவ்வொரு கருத்துக்கும் மூலத்தில் ஒரு வரியை நீங்களே தேடி எடுங்கள். வரி கிடைக்காவிட்டால் அந்தக் கருத்தை விட்டுவிடுங்கள். செயலியிடம் ஒரு சொல்லின் பொருளைக் கேட்கலாம். கட்டுரையைக் கேட்டால் நூலில் இல்லாத மேற்கோளைக்கூட அது தரும். அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் அப்படிக் கொடுத்த கட்டுரைக்குச் சுழியம்தான், வீட்டுக்கும் அறிவிப்பார்கள். முதல் வரைவுத் தாளை எறியாமல் வைத்திருங்கள், நீங்களே எழுதியதற்கு அது சாட்சி.

புத்தகம் வாங்க வழியில்லை. டேட்டாவும் குறைவு. என்ன செய்யலாம்?
– மாணவன், கிளிநொச்சி

குட்டன்பேர்க் திட்டம் என்ற இணையத்தளத்தில் ருவெயின், போ, டக்ளஸ் எல்லாம் இலவசம். படங்களோடு உள்ள பதிப்பு கனமானது. வெறும் எழுத்துக் கோப்பை எடுத்தால் ஹக்கிள்பெரி ஃபின் முழுவதும் ஒரு எம்பிக்குள் அடங்கும். ஒருவர் இறக்கினால் புளூடூத்தில் எல்லாருக்கும் அனுப்பலாம். இந்தக் கோப்புகளில் பக்க எண் இருக்காது. கொப்பியில் அத்தியாய எண்ணை எழுதுங்கள்.