நேற்றைய விலையை நம்பி நடும் கிழங்கு

கேள்வி: மேட்டுப்பாளையம் மண்டி விலை தினமும் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. அப்படியும் ஊட்டி உருளைக்கிழங்கு விலை ஒரு போகம் ஏறி, அடுத்த போகம் விழுவது ஏன்? வியாபாரிகளை அடக்கினால் சரியாகாதா?
(வாசகர், கேத்தி)

பதில்: உங்கள் கைக்கு வருவது நேற்று விற்ற கிழங்கின் விலை. இன்று நடுவதைத் தோண்ட மூன்று, நான்கு மாதம் ஆகும். நல்ல விலையைப் பார்த்துவிட்டு கேத்தியிலும் கோத்தகிரியிலும் ஒரே சமயத்தில் நட்டால், அத்தனை மூட்டையும் ஒரே சமயத்தில்தான் மேட்டுப்பாளையத்தில் வந்து இறங்கும். அந்த வாரம் பார்த்து குஜராத் லாரிகளும் கோலார் லாரிகளும் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். விலை மட்டும் தெரிந்தால் இந்த ஏற்ற இறக்கம் குறையாது, சில சமயம் கூடவே செய்யும்.

விலைச் செய்தி உடனே பலன் தந்த இடமும் உண்டு. கேரளக் கடற்கரையில் 1997 முதல் கைப்பேசி வரத் தொடங்கியது. மத்தி பிடிக்கிறவர்கள் எந்தக் கரையில் வாங்க ஆள் இருக்கிறது என்று கடலிலிருந்தே கேட்டுப் படகைத் திருப்பினார்கள். அதுவரை பிடிப்பில் 5 முதல் 8 சதவீதம் விற்காமல் வீணாகிக்கொண்டிருந்தது, அது நின்றது. அவர்களுக்குப் படகைத் திருப்ப நேரம் இருந்தது. உங்களுக்கு அந்த நேரம் நடவுக்கு முன்புதான் இருக்கிறது.

அப்போது தெரிய வேண்டியது வேறு. இந்தப் போகம் எத்தனை ஏக்கர் நடவு? ஆக்ரா குளிர்கிடங்குகளில் இருப்பு எவ்வளவு? கோலார் அறுவடை எப்போது? பரப்பளவு தோட்டக்கலைத் துறையிடமும் கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலிலும் இருக்கிறது. வெளிமாநில வரத்து மண்டிக்காரர்களின் கைப்பேசியில் இருக்கிறது. இந்த இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்காருவதில்லை. மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் விவசாயியும் அதிகாரியும்தான் பேசிக்கொள்கிறார்கள். வாங்குகிறவரை அங்கே காணோம்.

அதனால் வியாபாரியை அடக்குங்கள் என்பதை நான் ஏற்கவில்லை. கேரளாவிலிருந்து என்ன ஆர்டர் வரும் என்று முதலில் அறிகிறவர் அவர்தான். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கணக்கைக் கேட்க வேண்டும். உலக அளவிலேயே 2007-08 விலையேற்றத்தில் அடிபட்ட பிறகு, 2011-இல் ஜி-20 நாடுகள் கோதுமை, மக்காச்சோளம், அரிசி, சோயா நான்குக்கும் இருப்பையும் விளைச்சலையும் பகிர்ந்துகொள்ள ஓர் ஏற்பாடு செய்தன. உருளைக்கிழங்கு அதில் இல்லை. நாம்தான் மாவட்ட அளவில் செய்துகொள்ள வேண்டும்.

மண்டி விலை போடுகிற அதே செய்தியில் எந்த ஊரிலிருந்து எத்தனை மூட்டை வரத்து என்பதையும் போடச் சொல்லுங்கள். அப்புறம், கடைப்போக (ஆண்டின் கடைசிப் போகம்) நடவுக்கு முன்பு வரும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மண்டிக்காரர்களையும் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தையும் அழைக்கும்படி ஆட்சியருக்கு மனு கொடுங்கள். கேத்தியிலிருந்து நீங்களே முதல் கையெழுத்தைப் போடுங்கள்.