மாடி சோலாரில் மணல்: வளைகுடா, ராஜஸ்தான் வாசகர்களுக்குப் பதில்கள்

கோடை பிறந்தால் ராஜஸ்தானில் ஆந்தி என்ற புழுதிப்புயல், வளைகுடாவில் ஷமால் என்ற மணற்காற்று. கூடவே கடிதங்களும் வந்துவிடும். இந்த முறை வந்தவற்றில் எல்லோருக்கும் உதவக்கூடியவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: எத்தனை நாளைக்கு ஒருமுறை பேனலைக் கழுவ வேண்டும்? (ஷார்ஜா)

காலண்டரைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள். உங்கள் ஊரில் மழையில்லாத மாதங்களில் நாளொன்றுக்கு அரை சதவீதம் வரை தூசிக்குப் போகும். மேகமில்லாத இரண்டு நாட்களின் உற்பத்தியை ஒப்பிடுங்கள். 8, 10 சதவீதம் இறங்கியிருந்தால் கழுவுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும். புழுதிப்புயல் அடித்தால் இந்தக் கணக்கு செல்லாது, மறுநாள் விடியற்காலையிலேயே கழுவிவிடுங்கள்.

கேள்வி: ஆர்ஓ மெஷினின் கழிவுநீர் தினமும் 20 லிட்டர் வீணாகிறது. அதில் கழுவலாமா? (பிகானேர்)

கூடாது. வடிகட்டப்பட்ட உப்பெல்லாம் திரண்டிருப்பது அந்தத் தண்ணீரில்தான். காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளைப் படலமாகப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் எளிதில் போகாது. உங்கள் பக்கம் போர் தண்ணீரும் பெரும்பாலும் உப்புதான். கால்வாய்த் தண்ணீர் பரவாயில்லை. டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, 200க்குள் இருந்தால் கவலையே இல்லை. பேனலுக்கு 2, 3 லிட்டர் போதும். கழிவுநீரில் மாடித் தரையைக் கழுவுங்கள், பறக்கிற புழுதியாவது குறையும்.

கேள்வி: பட்லா சோலார் பார்க்கில் ரோபோ தண்ணீரே இல்லாமல் துடைக்கிறதாமே, நான் ஏன் உலர்துணியால் துடைக்கக் கூடாது? (ஜோத்பூர்)

அந்த ரோபோ அடிக்கடி ஓடுகிறது, தூசி இறுகுவதற்கு முன்பே, மென்மையான பிரஷ்ஷால், அழுத்தாமல் தள்ளிவிடுகிறது. நீங்கள் மூன்று வாரத் தூசியைக் கையால் அழுத்தித் தேய்க்கப் போகிறீர்கள். பாலை மணலில் நிறைய குவார்ட்ஸ் இருக்கிறது. அது கண்ணாடியைவிடக் கடினமானது. பேனல் கண்ணாடியின் மேலிருக்கும் ஒளிப்பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சோ மிக மெல்லியது, கீறினால் திரும்ப வராது. முதலில் தண்ணீர் விட்டு மணலை ஓடவிடுங்கள், பிறகுதான் பிரஷ்.

கேள்வி: கழுவியும் கரண்ட் சரியாக வரவில்லை. என்ன செய்வது? (ஊர் குறிப்பிடவில்லை)

எத்தனை கிலோவாட், முன்பு எத்தனை யூனிட், இப்போது எத்தனை, எந்த மாதம்? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்ல முடியும்? இன்வெர்ட்டர் ஆப்பிலேயே எல்லாம் இருக்கிறது. எடுத்து எழுதுங்கள்.

கேள்வி: ஜூனில் வெயில் அதிகம், ஆனால் மதிய உற்பத்தி மார்ச்சைவிடக் குறைவு. தூசியா? (மஸ்கட்)

கழுவிய மறுநாளும் அப்படியே இருந்தால் தூசி இல்லை, சூடு. பேனல் 65 டிகிரியைத் தொட்டால், 25 டிகிரியில் அளந்த திறனைவிடச் சுமார் 14 சதவீதம் குறையும். அது இயல்பு. குளிரவைக்கிறேன் என்று நடுமதியத்தில் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். கொதிக்கிற கண்ணாடி விரிசல் விடலாம், உப்புக்கறையும் நிச்சயம். கழுவுவது வெயில் ஏறுமுன்.

கேள்வி: மாதச் சந்தாவில் வரும் ஆட்கள் பேனல் மேலேயே ஏறி நின்று கழுவுகிறார்கள். வேலை சுத்தமாக இருக்கிறது. தொடரலாமா? (துபாய்)

இன்றைக்கே நிறுத்துங்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. கண்ணாடி உடையவில்லையே என்கிறார்கள். கண்ணாடி தாங்கும். அதன் அடியில் இருக்கும் சிலிக்கான் செல்லின் தடிமன் 0.2 மில்லிமீட்டர்கூடக் கிடையாது, அப்பளம் மாதிரி. ஒரு ஆள் குதிகாலை ஊன்றினால் கண்ணாடி கொஞ்சம் வளையும், செல்லில் மயிரிழை விரிசல் விழும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பகல் சூட்டிலும் இரவுக் குளிரிலும் விரிசல் நீண்டு, ஓரிரு வருடத்தில் செல்லின் ஒரு துண்டு செத்துப்போகும், அந்த இடம் சூடேறிக் கருகவும் செய்யும். பேனல் மீது நடக்கக் கூடாது என்று தயாரிப்பாளரின் கையேட்டிலேயே இருக்கும். வாரண்டி கேட்டுப் போனால் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுவார்கள். சுத்தம் செய்த கண்ணாடியில் கால்தடம் தெரிகிறதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். தெரிந்தால் அந்த ஆட்களை மறுபடி கூப்பிடாதீர்கள். ஹை பிரஷர் கன் கொண்டு வருகிறவர்களையும் அப்படியே திருப்பி அனுப்புங்கள். பேனல் ஓர ஒட்டுகளுக்கும் இணைப்புப் பெட்டிக்கும் அது ஆகாது. தரையில் நின்றோ நடைபாதையில் நின்றோ நீண்ட கம்புப் பிரஷ்ஷால் செய்ய முடியாத வரிசை இருந்தால், குறை அந்த அமைப்பைப் போட்டவருடையது. வரிசைகளுக்கு நடுவே இரண்டடி வழி விட்டிருக்க வேண்டும்.

கேள்வி: பேனலின் கீழ்விளிம்பில் மட்டும் விரல் அகலத்துக்குச் சேறு தங்குகிறது. அதைப் பொருட்படுத்த வேண்டுமா? (ஜோத்பூர்)

கட்டாயம். பேனல் நெட்டுவாக்கில் நின்றால், அந்தச் சேறு கடைசி வரிசைச் செல்கள் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மறைக்கும். பழைய வகைப் பேனலில் செல்களைக் கோத்த மூன்று சரங்களும் அடிவாங்கும், செல்களைப் பாதியாக வெட்டிச் செய்த ஹாஃப்கட் பேனலில் கீழ்ப்பாதி. மறைந்த பரப்பைவிடப் பலமடங்கு இழப்பு. சாய்வு 5, 10 டிகிரியாக இருந்தால் இது வந்துகொண்டேதான் இருக்கும். லேசான தூறலும் உதவாது, தூசியைச் சேறாக்கி அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். கழுவி முடித்ததும் விளிம்பை ஈரத்துணியால் தனியே ஒருமுறை துடையுங்கள்.

கேள்வி: இன்வெர்ட்டரை அணைத்துவிட்டால் ஷாக் அடிக்காதுதானே? (தோஹா)

அடிக்கும். வெளிச்சம் இருக்கும்வரை பேனல் வயர்களில் பல நூறு வோல்ட் இருக்கும். உடைந்த பேனலையும் வயர் உரிந்த இடத்தையும் தொடாதீர்கள், தண்ணீரும் விடாதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: சோப்புத்தூள்? (குவைத்)

வேண்டாம். மிச்சமிருக்கும் சோப்பு அடுத்த தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: புறா எச்சம் கல்லாகிவிட்டது. (ஷார்ஜா)

விடியற்காலையில் ஈரத்துணியைப் போட்டு அரை மணி நேரம் ஊறவிடுங்கள். சுரண்டாதீர்கள், பிளேடு ஆகவே ஆகாது. ஊறியதும் துணியோடு வந்துவிடும்.