சூரிச்சில் நண்பர்களோடு ஃபாண்ட்யூ (உருக்கிய சீஸில் ரொட்டியை முக்கிச் சாப்பிடும் சுவிஸ் உணவு) சாப்பிடப் போகிறேன். சைவம், மது கிடையாது. ஒரே சட்டியில் எல்லோரும் முக்கிச் சாப்பிடுவது எச்சில் இல்லையா?

எச்சில் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், நம்மவர்கள் எல்லோரும் தயங்குவது அங்கேதான். ஒழுங்காகச் சாப்பிட்டால் எச்சில் படாது. ஆளுக்கொரு நீள முள்கரண்டி தருவார்கள், பிடியின் நுனியில் ஆளுக்கொரு நிறம் இருக்கும். ரொட்டித் துண்டில் மொறுமொறு ஓரம் இருக்கிறதா என்று பாருங்கள். மெத்தென்ற பக்கத்திலிருந்து குத்தி, முள் அந்த ஓரத்தைக் கவ்வும் வரை அழுத்த வேண்டும். சீஸில் முக்கித் தூக்கியதும், சட்டிக்கு மேலேயே இரண்டு மூன்று சுற்று சுழற்றினால் நூல் அறுந்துவிடும். சில நொடி சொட்டவிட்டு, பல்லால் மட்டும் துண்டை உருவி எடுங்கள். உதடோ நாக்கோ கரண்டியில் படக்கூடாது. பட்டால் உங்களுக்குத்தான் சூடு. அதற்கும் மனம் ஒப்பவில்லையென்றால், துண்டைத் தட்டில் தள்ளிவிட்டுச் சாதாரண முள்கரண்டியால் சாப்பிடலாம். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்தது சைவம். இதைச் சொன்னால் "பாலில் செய்ததுதானே, என்ன அசைவம்?" என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு, இருந்தாலும் சொல்ல வேண்டியது என் கடமை. உணவகங்களில் பரவலாகக் கிடைப்பது ‘முவாட்டியே-முவாட்டியே’, அதாவது க்ரூயேர் சீஸ் பாதி, சுவிஸின் ஃப்ரிபூர் பகுதியின் வாஷ்ரன் சீஸ் பாதி. க்ரூயேருக்குப் பாலைத் திரிப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால். முட்டையும் தொடாத கட்டுப்பாடு உள்ளவர் என்றால் உணவக ஃபாண்ட்யூ உங்களுக்கு ஆகாது. பொட்டலத்தில் ‘நுண்ணுயிர் ரென்னெட்’ என்று போட்ட சீஸ் வாங்கி வீட்டில் செய்துகொள்ளுங்கள். இறைச்சி வேண்டாம் என்ற அளவில் போதுமென்றால் தாராளமாகப் போகலாம்.

மது அதைவிடச் சிக்கல். நாலு பேர் சட்டிக்கு 800 கிராம் சீஸ் என்றால் வெள்ளை ஒயின் 300 முதல் 350 மில்லி போகும், கடைசியில் செர்ரியில் வடித்த கிர்ஷ் என்ற சாராயம் ஒரு சிறு கோப்பை. "கொதித்ததும் ஆவியாகிவிடும்" என்று மேசையில் ஒருவர் நிச்சயம் சொல்வார். முழுக்கப் போகாது. முன்பதிவு செய்யும்போதே மதுவில்லாமல் செய்து தர முடியுமா என்று கேளுங்கள், போய் உட்கார்ந்த பிறகு கேட்டால் சமையலறையில் கலவை தயாராக இருக்கும். வாஷ்ரன் மட்டும் போட்டு, ஒயினுக்குப் பதில் தண்ணீரில் உருக்குவது ஃப்ரிபூர் ஊர்ப் பழக்கம். அதைத் தரும் இடம் கிடைத்தால் உங்கள் பிரச்சினை தீர்ந்தது. நீங்கள் ஆறு பேர் என்றால் எப்படியும் இரண்டு சட்டி வேண்டும், ஒன்றை மதுவில்லாமல் கேட்பது மற்றவர்களுக்கும் தொந்தரவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். சட்டி மேசைக்கு வந்த நிமிடத்திலிருந்து சமைப்பது நீங்கள்தான். முக்கும் ஒவ்வொருவரும் ரொட்டியை அடிவரை இறக்கி, எட்டு போட்டுக் கிளறிவிட்டே எடுக்க வேண்டும். மேலாக நக்கினாற்போலத் தொட்டு எடுக்கும் ஒருவர் இருந்தாலே போதும், அடி பிடிக்கும், மேலே எண்ணெய் மிதக்கும். காரணம் இதுதான்: சீஸின் புரதத்தைக் கால்சியம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஒயினின் புளிப்பு அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் புரதம் தளர்ந்து, கொழுப்பையும் நீரையும் சேர்த்து நிறுத்துகிறது. சோள மாவு அதற்குத் துணை. கொதி ஏறினால் புரதம் மறுபடி சுருண்டு திரள்கிறது, ஆறினால் இறுகி ரப்பராகிறது. ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வெடித்தால் போதும், சட்டிக்கு அடியிலுள்ள சிறு மேசை அடுப்பின் மூடியை நகர்த்தித் தீயைச் சரிசெய்யுங்கள். தண்ணீரில் செய்த வாஷ்ரனுக்குத் தீ இன்னும் குறைவாக இருக்க வேண்டும், அது குமிழி விடவே கூடாது.

திரிந்துவிட்டால் பரிமாறுபவரைக் கூப்பிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு தேக்கரண்டி சோள மாவை ஒயினிலோ எலுமிச்சைச் சாற்றிலோ கரைத்து ஊற்றி, தீயைக் கொஞ்சம் ஏற்றி வேகமாக அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். கெட்டியானால் வெதுவெதுப்பான ஒயின் கொஞ்சம் போதும், மதுவில்லாத சட்டி என்றால் வெந்நீர். குளிர்ந்த எதையும் ஊற்றாதீர்கள்.

ஆளுக்கு 200 முதல் 250 கிராம் சீஸ், கூடவே ரொட்டி. முதல் பத்து நிமிடத்தில் அவசரப்பட்டால் பாதியில் மூச்சுமுட்டும். இடையிடையே வினிகர் வெள்ளரியும் சின்ன வெங்காயமும் கடித்துக்கொள்ளுங்கள். குடிக்க சூடான கறுப்புத் தேநீர் கேளுங்கள், சுவிஸ்காரர்களே குடிப்பதுதான். ஒயின்தான் செரிக்க வைக்கும் என்று வற்புறுத்துபவரிடம் சொல்ல ஒரு தகவல்: சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஆய்வு ஒன்று 2010-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஃபாண்ட்யூவோடு ஒயின் குடித்தவர்களுக்குத் தேநீர் குடித்தவர்களைவிட இரைப்பை மெதுவாகவே காலியானது. வயிற்று அசௌகரியத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

ரொட்டி சட்டிக்குள் விழுந்தால் அபராதம் உண்டு, எல்லோருக்கும் ஒரு சுற்று பானம் என்பது வழக்கம். விளையாட்டுதான், ஆனால் மறுக்காதீர்கள்.

சீஸ் தீரும் தறுவாயில் தீயைக் குறைத்துக் கிளறுவதை நிறுத்துங்கள். அடியில் பொன்னிறமாக ஒரு பொரிந்த தட்டு பிடிக்கும், ‘ரெலிஜியூஸ்’ என்பார்கள். கத்தியால் பெயர்த்து எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வது. கறுத்துவிட்டால் கசக்கும், அதனால் கண்ணை எடுக்காதீர்கள். இதைத் தொடாமல் சட்டியைத் திருப்பி அனுப்பும் கூட்டத்தைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

கம்பளிக் கோட்டை வாசல் பக்கமே மாட்டுங்கள், வாசனை நாள்கணக்கில் போகாது. பில்லில் சேவைக் கட்டணம் 1974 முதல் விலையிலேயே அடக்கம், டிப்ஸ் என்று தொகையைக் கொஞ்சம் மேலே முழுமையாக்கிக் கொடுத்தால் போதும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் 1,200-க்கும் மேற்பட்ட தெரு நீரூற்றுகள், ‘குடிநீர் அல்ல’ என்று எழுதியிராத எல்லாவற்றிலும் குடிக்கலாம், இலவசம். அதே தண்ணீரைக் குழாயில் பிடித்து மேசையில் வைப்பதற்குப் பிராங்கு கணக்கில் வாங்கும் உணவகங்கள் இருக்கின்றன. கண்ணாடி கழுவும் கூலி என்று நியாயம் பேசுகிறவர்கள், தயவுசெய்து கீழே வந்து எனக்கு விளக்க வேண்டாம்.