வாகனப் பராமரிப்பு கேள்வி – பதில்: புது மீட்டர் போட்டும் முள் ஏறவில்லை

கேள்வி: எங்கள் பழைய டீசல் லாரியில், டேங்க் நிரம்பியிருந்தாலும் எரிபொருள் மீட்டரின் முள் காலி என்ற இடத்திலேயே நிற்கிறது. மேடு பள்ளமான சாலையில் மட்டும் சில நொடிகள் துள்ளி மேலேறிவிட்டு மறுபடியும் விழுந்துவிடுகிறது. புது மீட்டர் வாங்கிப் பொருத்தியும் அதே நிலைதான். இப்போது டேங்கையே இறக்க வேண்டும் என்கிறார்கள். இறக்கத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு இறக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால், டேங்கைத் தொடாமலேயே பழுது தீர்ந்துவிட நிறைய வாய்ப்பு இருக்கிறது. சோதித்துப் பார்க்காமல் மீட்டரை மாற்றச் சொன்னதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பழைய வண்டிகளில் மீட்டரைவிட, வயர் முனைகளும், எர்த்தும் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு), டேங்கினுள் எரிபொருள் அளவை உணரும் டேங்க் யூனிட்டுமே அதிகம் கெடுகின்றன.

டேங்கினுள் ஒரு மிதவை எரிபொருளோடு ஏறி இறங்கும்போது, அதன் கம்பியின் மறுமுனை ஒரு மின்தடைச் சுருளின் மேல் உரசியபடி நகர்கிறது. மீட்டரிலிருந்து வரும் மின்சாரம் ஒரே வயர் வழியாக இந்த யூனிட்டை அடைந்து, அதன் உலோக உடல் வழியாக வண்டியின் இரும்புச் சட்டமான சேசிஸுக்குப் போய், பேட்டரியின் எர்த்தைச் சேர்கிறது. இந்தப் பாதையில் எங்கே தொடர்பு தளர்ந்தாலும் முள் தவறாகவே காட்டும். குலுங்கும்போது முள் உயிர் பெறுகிறது என்றால், ஏதோ ஓர் இணைப்பு தொட்டும் தொடாமலும் இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு இக்னிஷன் சாவியைப் போட்டு, டேங்க் யூனிட்டுக்குப் போகும் வயரை, டேங்கிலிருந்து தள்ளியிருக்கும் இணைப்பில் கழற்றுங்கள். மீட்டரிலிருந்து வரும் அந்த முனை எதிலும் படாமல் இருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று ஒருவர் கவனிக்கட்டும். அடுத்து அதே முனையைப் பெயின்ட் இல்லாத சேசிஸ் உலோகத்தில் சில நொடிகள் மட்டும் தொட வையுங்கள். முள் ஓர் எல்லையிலிருந்து மறு எல்லைக்குப் போனால், மீட்டரும் அதுவரையுள்ள வயரும் சரியாக இருக்கின்றன. எந்த எல்லை காலி, எது நிறைவு என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். சிலவற்றில் மின்தடை குறையும்போதும், வேறு சிலவற்றில் அது கூடும்போதும் முள் ஏறும். மின்சாரத்தால் சூடாகி வளையும் தகடு முள்ளை நகர்த்தும் பழைய வெப்ப வகை மீட்டர்களில் முள் மெதுவாகத்தான் நகரும். அது எல்லையை எட்டியதும் வயரை எடுத்துவிட வேண்டும், நெடுநேரம் வைத்தால் மீட்டர் கருகிவிடும். தொடும்போது சிறு பொறி வரக்கூடும் என்பதால், டேங்கின் வாயோ யூனிட்டோ திறந்திருக்கும்போது இதைச் செய்யவே கூடாது.

முள் அசையவே இல்லையென்றால், கோளாறு மீட்டருக்கு வரும் மின்சாரத்திலோ, மீட்டரிலோ, அதற்கும் இந்த இணைப்புக்கும் இடையிலுள்ள வயரிலோதான் இருக்கும். முள் சரியாக நகர்ந்தால், அடுத்து எர்த்தைப் பாருங்கள். பல லாரிகளில் டேங்க் ரப்பர் பட்டைகளின் மேல் உட்கார்ந்திருப்பதால் அது சேசிஸை நேராகத் தொடுவதில்லை. தனி எர்த் வயரை நம்பியே யூனிட் வேலை செய்கிறது. அந்த வயரின் முனையிலுள்ள உலோக வளையம் (லக்) திருகின் அடியில் பச்சை பூத்தோ துரு ஏறியோ இருக்கும்; மேலே பார்த்தால் இறுக்கமாகத்தான் தெரியும். வயரை மறுபடி இணைத்துவிட்டு, யூனிட்டின் உலோக விளிம்பிலிருந்து சுரண்டிப் பளிச்சென்று ஆக்கிய சேசிஸ் உலோகத்துக்கு ஒரு தற்காலிக வயரைக் கொடுத்துப் பாருங்கள். முள் சரியான அளவுக்கு ஏறினால், லக்கைச் சுத்தம் செய்து இறுக்குவதோடு உங்கள் வேலை முடிந்தது.

அப்படியும் சரியாகாவிட்டால்தான் யூனிட்டை வெளியே எடுக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில், நெருப்பை அண்ட விடாமல் எடுங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து மிதவைக் கம்பியை மெல்ல உயர்த்தினால், எண் சீராக மாற வேண்டும். நடுவில் தாவினால் சுருள் தேய்ந்திருக்கிறது. மிதவையைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே திரவம் அலசினால், அது ஓட்டை விழுந்து மூழ்கிப்போனது. புது யூனிட் வாங்கும்போது, அதன் ஓம் அளவு உங்கள் மீட்டரின் அளவோடு பொருந்துகிறதா என்று கட்டாயம் பாருங்கள். டேங்க் நிரம்ப நிரம்ப 10-லிருந்து 180 ஓமுக்கு ஏறும் யூனிட்டை, 73-லிருந்து 10 ஓமுக்கு இறங்கும் வகைக்கான மீட்டரோடு இணைத்தால் முள் தலைகீழாகக் காட்டும்.

பழுது தீரும்வரை, சமதளத்தில் நிறுத்தி, சுத்தமான குச்சியை விட்டு அளந்து பாருங்கள். டீசல் தீர்ந்து நின்றால் குழாயில் காற்று புகுந்து, அதை வெளியேற்றும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: என் பழைய லாரியில் எரிபொருள் மீட்டர், இன்ஜின் வெப்பத்தைக் காட்டும் மீட்டர் இரண்டும் ஒரே நேரத்தில் அதிகமாகக் காட்டத் தொடங்கின. எதை மாற்றுவது?

பதில்: இரண்டையும் மாற்ற வேண்டாம். வெப்ப வகை மீட்டர்கள் உள்ள வண்டிகளில், இரண்டுக்கும் சேர்த்து டாஷ்போர்டின் பின்னால் ஒரு சிறிய வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும். மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பி, சராசரியாகச் சிலவற்றில் 10 வோல்ட், சிலவற்றில் 5 வோல்ட் என்று அது நிலைநிறுத்துகிறது. அதன் தொடுமுனை ஒட்டிக்கொண்டாலோ உடலின் எர்த் விட்டுப்போனாலோ, பேட்டரியின் முழு வோல்டேஜும் மீட்டர்களுக்குப் போய்விடும். அதன் வெளிமுனையில் ஒரு டெஸ்ட் பல்பைக் கொடுத்துப் பாருங்கள்; சிறிது நேரத்தில் பல்பு விட்டுவிட்டு எரிய வேண்டும். தொடர்ந்து எரிந்தால், முதலில் எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள்; அதன் பிறகும் மாறாவிட்டால் ஸ்டெபிலைசரை மட்டும் மாற்றுங்கள்.