ஷார்ட் கோர்ஸ் நீச்சல்: கண்ணைச் சுவரில் வையுங்கள்

கேள்வி: நாங்கள் கிருஷ்ணகிரியில் இருக்கிறோம். மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியின் 25 மீட்டர் குளத்தில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 1:14-இல் நீந்துவாள். போன மாதம் சென்னையில் 50 மீட்டர் குளத்தில் நடந்த போட்டியில் 1:17 ஆகிவிட்டது. வீடு வரும்வரை அழுகை. அவளுடைய கோச், "உலக அளவிலான ஷார்ட் கோர்ஸ் ரேஸ்களைப் போட்டுக் காட்டுங்கள்" என்கிறார். யூடியூபில் பார்த்தோம். பாதி நேரம் எல்லோரும் தண்ணீருக்கு அடியிலேயே இருக்கிறார்கள், யார் முன்னால் போகிறார்கள் என்றே தெரியவில்லை. உலக சாதனை என்று போடும் நேரமும் ஒலிம்பிக்கில் பார்த்த நேரமும் ஒத்துப்போகவில்லை. இதை எப்படிப் பார்ப்பது? மகள் பின்தங்கிவிட்டாளா?

பதில்: பின்தங்கவில்லை. அதை முதலில் அவளிடம் சொல்லிவிடுங்கள். ஏன் என்பதற்குக் கணக்கே இருக்கிறது, கடைசியில் போட்டுக் காட்டுகிறேன். அதற்கு முன் ரேஸ் பார்க்கும் விஷயம்.

25 மீட்டர் குளத்தில் நடப்பது ஷார்ட் கோர்ஸ். 50 மீட்டரில் நடப்பது லாங் கோர்ஸ். ஒலிம்பிக் எப்போதும் லாங் கோர்ஸ்தான். இரண்டுக்கும் உலக சாதனைப் பட்டியல் தனித்தனி. நீங்கள் பார்த்த நேரங்கள் ஒத்துப்போகாததற்குக் காரணம் இவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் கைல் சாமர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 47.08 விநாடியில் நீந்தி வெள்ளி வாங்கினார். அதே ஆண்டு அக்டோபரில் கசான் நகரில், 25 மீட்டர் குளத்தில், 44.84. மூன்றே மாதத்தில் ஒருவர் இரண்டேகால் விநாடி வேகமாகிவிடுவாரா? ஆக மாட்டார். குளம்தான் வேறு.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? சுவரிலிருந்து. லாங் கோர்ஸில் 100 மீட்டருக்கு ஒரே ஒரு டர்ன், அதாவது சுவரில் திரும்புதல். ஷார்ட் கோர்ஸில் மூன்று. 1500 மீட்டருக்கு 29 டர்ன் இருந்த இடத்தில் 59. நம் பக்கத்துக் கிணறுகளில் நீந்திப் பழகியவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும்: சுவரை உதைத்துக் கிளம்பும்போது கிடைக்கிற வேகம் அப்புறம் கை போட்டு வருவதில்லை. அது மட்டுமல்ல. தண்ணீரின் மேற்பரப்பில் நீந்தும்போது உடல் அலை எழுப்புகிறது, அந்த அலையே இழுத்துப் பிடிக்கிறது. ஓரளவு ஆழத்தில் போனால் அந்த இழுவை வெகுவாகக் குறைந்துவிடும். அதனால்தான் டர்ன் ஆனதும் மேலே வராமல், இரண்டு காலையும் சேர்த்து இடுப்பிலிருந்து நெளித்து அடித்துக்கொண்டே போகிறார்கள். டால்பின் கிக் என்பது அதுதான்.

இதற்கு எல்லையும் உண்டு. 1988 சியோல் ஒலிம்பிக்கில் பேக் ஸ்ட்ரோக் (மல்லாந்து நீந்துவது) வீரர்கள் குளத்தின் பெரும்பகுதியை அடியிலேயே கடந்தார்கள், அமெரிக்காவின் டேவிட் பெர்காஃப் அதில் பேர்போனவர். அதன் பிறகுதான் விதி வந்தது. இன்று ஃப்ரீஸ்டைல், பேக் ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை மூன்றிலும் 15 மீட்டருக்குள் தலை மேலே வந்துவிட வேண்டும். வராவிட்டால் தகுதி நீக்கம். இப்போது கூட்டிப் பாருங்கள்: ஷார்ட் கோர்ஸ் 100 மீட்டரில் ஸ்டார்ட்டும் மூன்று டர்னும் சேர்ந்து நான்கு பதினைந்து, அதிகபட்சம் 60 மீட்டர் அடியில் போகலாம். லாங் கோர்ஸில் 30 மீட்டர்தான். "பாதி நேரம் தண்ணீருக்கு அடியில்" என்று நீங்கள் எழுதியது மிகையே இல்லை.

எனவே ரேஸ் பார்க்கும்போது குளத்தின் நடுவைப் பார்க்காதீர்கள். அங்கே கை வேகமாகச் சுற்றுகிறவர் முன்னால் போவதுபோல் தெரியும், அது ஏமாற்றும். சுவருக்கு 5 மீட்டர் முன்னால், தண்ணீருக்கு மேலே ஒரு கொடித் தோரணம் குறுக்கே தொங்கும். பேக் ஸ்ட்ரோக் வீரர்கள் சுவர் நெருங்குவதைத் தெரிந்துகொள்ளக் கட்டியது. பார்க்கிற நமக்கும் அது ஒரு குறி. லேன் கயிற்றில் இரு முனையிலிருந்தும் 15 மீட்டரில் நிறம் மாறிய மிதவை இருக்கும், அது இன்னொரு குறி. கொடியைக் கடந்து உள்ளே போகும்போது யார் முன்னால், 15 மீட்டர் குறிக்கு அருகில் தலை வெளியே வரும்போது யார் முன்னால் என்று மட்டும் பாருங்கள். உள்ளே போகும்போது அரை உடல் பின்னால் இருந்தவர், வெளியே வரும்போது முன்னால் இருப்பார். ஷார்ட் கோர்ஸ் ரேஸ்கள் பெரும்பாலும் இங்கேதான் திரும்புகின்றன.

திரையில் ஓடும் உலக சாதனைக் கோட்டை அதிகம் நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் சீரான வேகத்தில் நகரும். நீந்துபவர் அப்படிப் போவதில்லையே. சுவரை உதைத்ததும் கோட்டை முந்துவார், அடுத்த சுவர் வருவதற்குள் கோடு அவரைப் பிடித்துவிடும். சாதனை போகிறதா இல்லையா என்பதைச் சுவரைத் தொடும் கணத்தில் வரும் ஸ்ப்ளிட் நேரம், அதாவது அந்தச் சுவர்வரை ஆன நேரம்தான் சொல்லும்.

முதலில் எதைப் பார்ப்பது? என்னைக் கேட்டால் 100 மீட்டர் பேக் ஸ்ட்ரோக். முகம் மேலே இருப்பதால் தலை எப்போது வெளியே வருகிறது என்பது பளிச்சென்று தெரியும். சுவரின் லாபம் அதிகம் கிடைக்கும் ஸ்ட்ரோக்கும் அதுவே. அமெரிக்காவின் ரீகன் ஸ்மித் 2024 ஜூனில் 50 மீட்டர் குளத்தில் 57.13, டிசம்பரில் புடாபெஸ்ட் ஷார்ட் கோர்ஸ் உலகப் போட்டியில் 54.02. மூன்று விநாடிக்கு மேல் வித்தியாசம். இதற்கு நேர் எதிர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக். அதில் ஒவ்வொரு டர்னுக்குப் பிறகும் அடியில் ஒரே ஒரு முழுக் கைவீச்சு, ஒரே ஒரு டால்பின் கிக், அதன் பின் ஒரு பிரெஸ்ட் ஸ்ட்ரோக் கிக், அவ்வளவுதான் அனுமதி. அதனால் இங்கிலாந்தின் ஆடம் பீட்டி 50 மீட்டர் குளத்தில் 56.88, 25 மீட்டர் குளத்தில் 55.41. ஒன்றரை விநாடிகூட இல்லை. "ஷார்ட் கோர்ஸ் நேரத்தோடு இத்தனை விநாடி கூட்டிக்கொள்" என்று எல்லாவற்றுக்கும் ஒரே சூத்திரம் சொல்பவர்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

பேக் ஸ்ட்ரோக் பழகியதும் அமெரிக்காவின் கிரெட்சன் வால்ஷின் பட்டர்ஃபிளையைப் போடுங்கள். புடாபெஸ்டில் 100 மீட்டரை 52.71-இல் முடித்தார். ஒவ்வொரு சுவரிலிருந்தும் எவ்வளவு தூரம் அடியிலேயே போகிறார் என்று மகளையே சொல்லச் சொல்லுங்கள். அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகள் 25 கஜக் குளத்தில், அதாவது 23 மீட்டருக்கும் குறைவான நீளத்தில் நடப்பவை. வால்ஷ் அந்தக் குளங்களில் தேறியவர். ஆனால் அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் இதே பந்தயத்தில் அவருக்கு வெள்ளிதான் கிடைத்தது, தோழி டோரி ஹஸ்கியிடம் 0.04 விநாடியில் தோற்றார். அப்புறம் 2025-இல் 50 மீட்டர் குளத்திலும் 54.60 என்று உலக சாதனை போட்டுவிட்டார் என்பது வேறு கதை.

ஷார்ட் கோர்ஸில் மட்டுமே இருக்கும் ஒரு பந்தயம் 100 மீட்டர் மெட்லி. பட்டர்ஃபிளை, பேக், பிரெஸ்ட், ஃப்ரீஸ்டைல், ஒவ்வொன்றும் 25 மீட்டர். மூன்று டர்னும் மூன்று விதம். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

இன்னொன்று: பைனலை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். கேமன் தீவுகளின் ஜோர்டான் க்ரூக்ஸ் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 19.90-இல் நீந்தி, 20 விநாடிக்குள் வந்த முதல் ஆள் ஆனது புடாபெஸ்ட் செமி பைனலில். பைனலில் தங்கம் வாங்கினார், அந்த நேரம் வரவில்லை. ஷார்ட் கோர்ஸ் உலகப் போட்டியில் 50, 100 மீட்டருக்குத்தான் செமி உண்டு. 200-லிருந்து மேலே ஹீட்டிலிருந்து, அதாவது முதல் சுற்றிலிருந்து, நேராகப் பைனல். செமியிலும் பைனலிலும் முந்தைய சுற்றில் அதிவேகமாக வந்தவர் நான்காவது லேனில், அடுத்தவர் ஐந்தில், அதற்கடுத்தவர் மூன்றில் நிற்பார்கள். ஓர லேனிலிருந்து ஒருவர் ஜெயித்தால் வர்ணனையாளர் ஏன் அப்படிக் கத்துகிறார் என்பது இப்போது புரியும். தொடர் நீச்சலில், அதாவது ரிலேயில், முதல் ஆளின் நேரம் மட்டுமே சாதனைக்குக் கணக்கு. மற்றவர்கள் முன்னவர் சுவரைத் தொடுவதைப் பார்த்துப் பாய்வதால் அவர்கள் நேரம் எப்போதும் கொஞ்சம் வேகமாகத் தெரியும்.

சரி, மகளின் கணக்குக்கு வருவோம். உலக நீச்சல் கூட்டமைப்பு, அதாவது வேர்ல்ட் அக்வாட்டிக்ஸ், இரண்டு குளத்துக்கும் தனித்தனி புள்ளி முறை வைத்திருக்கிறது. அடிப்படை நேரத்தை நம் நேரத்தால் வகுத்து, வந்த எண்ணை மூன்று முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, அதை ஆயிரத்தால் பெருக்க வேண்டும். அடிப்படை நேரம் உலக சாதனையை ஒட்டியது. பெண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 50 மீட்டர் குளத்துக்கு சாரா ஷோஸ்ட்ரோம் 2017-இல் நீந்திய 51.71-ஐயும், 25 மீட்டர் குளத்துக்கு கேட் கேம்பெல் அதே ஆண்டு நீந்திய 50.25-ஐயும் வைத்துப் போட்டுப் பார்த்தேன். பள்ளியில் நீந்திய 1:14-க்கு 313 புள்ளி. சென்னையில் நீந்திய 1:17-க்கு 303. அடிப்படை நேரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் என்பதால் சில புள்ளிகள் முன்பின் ஆகலாம். எப்படிப் பார்த்தாலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தரத்து நீச்சல். சாமர்ஸின் இடைவெளி விகிதத்தில் அவளுடையதைவிடக் கொஞ்சம் கூடுதல் என்பதையும் சொல்லுங்கள், சிரித்துவிடுவாள்.

உண்மையில் 1:14-உம் 1:14-உம் வந்திருந்தால்தான் நான் யோசித்திருப்பேன். சுவரிலிருந்து ஒரு லாபமும் எடுக்கவில்லை, டர்ன் மந்தம் என்று அதற்கு அர்த்தம். அதே சமயம் இடைவெளி முழுவதும் டர்னால் வந்ததா, மூச்சு தீர்ந்து வந்ததா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சென்னை முடிவுத்தாளில் முதல் 50, இரண்டாவது 50 என்று ஸ்ப்ளிட் இருக்கும். பள்ளியிலும் கோச்சை அதேபோல் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது 50-இல் சரிவு சென்னையில் மட்டும் மிக அதிகமாக இருந்தால், நடுவில் உதைக்கச் சுவர் இல்லாமல் நீளமாக நீந்திப் பழக்கம் போதவில்லை என்று பொருள். அதற்கு மருந்து 50 மீட்டர் குளத்தில் சில நாள் பயிற்சிதான். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர். அடுத்த பெரிய போட்டிக்கு முன் அங்கே ஏற்பாடு செய்ய முடியுமா என்று கோச்சிடம் கேளுங்கள். முடியாவிட்டால் டர்ன் எடுக்கும்போது மெதுவாகச் சுற்றி ஓய்வெடுக்காமல் நீந்தும் பயிற்சியை இங்கேயே கூட்டலாம்.

வீட்டு நோட்டில் இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள், 25-க்கு ஒன்று, 50-க்கு ஒன்று. ஒரு பத்தியின் நேரத்தை மற்றதில் எழுதவே கூடாது. இணையத்தில் தரவரிசை தேடும்போதும் எஸ்.சி.எம். என்றால் 25 மீட்டர், எல்.சி.எம். என்றால் 50 மீட்டர், எஸ்.சி.ஒய். என்றால் அமெரிக்கக் கஜக் குளம். போட்டியின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். உலகக் கோப்பை பொதுவாக ஷார்ட் கோர்ஸ், ஆனால் 2023-இல் பாரிஸ் ஒலிம்பிக்கை முன்னிட்டு 50 மீட்டர் குளத்தில் நடத்தினார்கள்.

ஷார்ட் கோர்ஸ் உலகப் போட்டி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை டிசம்பரில் வரும். 2022 மெல்போர்ன், 2024 புடாபெஸ்ட், 2026-க்கு பெய்ஜிங். ஐரோப்பாவில் நடந்தால் மாலைப் பைனல் நமக்கு இரவாகிவிடும், பள்ளி நாளில் கஷ்டம். பெய்ஜிங் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால், ஆகவே அங்கே இரவு ஏழரை மணி ரேஸை மகள் மாலை ஐந்து மணிக்குப் பள்ளிவிட்டு வந்து பார்க்கலாம்.